பெருவிரல் கோணலும் அதற்குரிய சத்திர சிகிச்சையும்

பாதத்தின் உட்புற ஓரத்தில், பெருவிரல் தொடங்கும் இடத்தில் எலும்பு புடைத்து நிற்பதையும், அவ்விரல் தன் நேர்நிலை தவறிப் பக்கத்து விரலின்மேல் சாய்ந்திருப்பதையும் பலர் கண்டிருக்கக்கூடும். முதலில் இது கண்ணுக்கு மட்டுமே புலப்படும் ஒரு கோணலாக இருக்கிறது. பிறகு செருப்பின் வார் பட்டு அவ்விடம் சிவக்கிறது, தோல் தடிக்கிறது, நெடுநேரம் நின்றால் வலிக்கிறது. இறுதியில் நடையே மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயர் நம் காதுக்குப் 'பனியன்' என்றே ஒலிக்கும். உள்ளே உடுத்தும் பனியனுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. வைத்தியர்கள் இதனை 'ஹாலக்ஸ் வால்கஸ்' என்பர். பெருவிரல் வெளிப்புறமாகச் சாய்ந்த நிலை என்பது அதன் பொருள். கார்ல் ஹ்யூட்டர் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1871-ஆம் ஆண்டில் இப்பெயரை வழக்கிற்குக் கொணர்ந்தார்.

பெங்களூரில் 1809-ஆம் ஆண்டில் பிரிட்டிஷார் நிறுவிய தண்டுப் பகுதியை ஒட்டிய பேட்டைகளுள் ஒன்று நீலசந்திரா. தமிழும் கன்னடமும் உருதுவும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் அவ்விடத்தில், நாள் முழுதும் காலை நம்பிப் பிழைப்போர் மிகுதி. தையல் இயந்திரத்தின் மிதியை மிதிப்பவர், ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே துணி வெட்டுபவர், நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குபவர் ஆகிய இவர்களுள் நாற்பத்தைந்து வயதான ஒரு பெண்மணிக்கு இக்கோணல் ஏற்பட்டதாகக் கொள்வோமாயின், அவர் வைத்தியரிடம் கேட்க விரும்புபவை மிகவும் எளிய வினாக்களே. இது ஆபரேஷன் இன்றித் தீருமா? செய்துகொண்டால் வலி போய்விடுமா? எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது? தரையில் குந்தி உட்கார முடியுமா? இவ்வினாக்களுக்கு விடை காணவேண்டுமாயின், பாதத்தினுள் நிகழ்வது யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

புடைப்பாகத் தோன்றுவது புதிதாக முளைத்த எலும்பு என்று பெரும்பாலோர் எண்ணுகின்றனர். அது சரியன்று. ஐந்து விரல்களுக்கும் பின்னே, பாதத்தினுள் ஐந்து நீண்ட எலும்புகள் உள்ளன. பெருவிரலுக்குரிய நீண்ட எலும்பு மற்றைப் பாதத்தை நோக்கிச் சிறிது சிறிதாக விலகுகிறது. அதன் நுனியில் பொருந்திய பெருவிரலோ எதிர்த் திசையில், சுண்டு விரலை நோக்கிச் சாய்கிறது. இவ்விரண்டும் கூடும் மூட்டு ஒரு முழங்கை மடிந்தது போல வெளியே துருத்துகிறது. நாம் காணும் புடைப்பு பெரும்பாலும் அந்நீண்ட எலும்பின் தலையேயாகும். அதன்மேல் தோலுக்கடியில் உள்ள நீர்ப்பை, செருப்பின் உராய்வினால் வீங்கி வலியை மிகுவிக்கிறது.

ஒருமுறை விலகத் தொடங்கிய விரல் தானே நேராவதில்லை. அதற்குக் காரணம் தசைநாண்களின் போக்கு. விரல் நேராக இருக்கும்பொழுது அதன் நடுவே ஓடும் நாண்கள், விரல் சாய்ந்தபின் வில்லின் நாணைப்போல ஒரு பக்கமாக நின்று, ஒவ்வோர் அடிவைப்பிலும் அதனை மேலும் வளைக்கின்றன. மூட்டின் அடியில் எள்ளின் பெயரால் வழங்கும் இரு சிறு எலும்புகள் உள்ளன. உண்மையில் அவை எள்ளைவிடப் பெரியவை, பட்டாணியளவு இருக்கும். நடக்கும்பொழுது உடலின் பாரத்தை இவையே தாங்குகின்றன. நீண்ட எலும்பு நகர்ந்துவிடின் இவை தம் பள்ளத்தைவிட்டு விலகி நிற்கும். அதன் பயனாகப் பெருவிரல் தன் பங்குப் பாரத்தைச் சுமக்க இயலாது, இரண்டாம் விரலின் அடிப்பாகத்திற்கு அதனைத் தள்ளிவிடுகிறது. அங்கே தோல் காய்த்துப்போவதும், இரண்டாம் விரல் கொக்கிபோல் மடிவதும் இவ்வாறு நேர்வனவே.

இக்கோணலுக்குக் காரணம் பாதரட்சையா, பரம்பரையா என்னும் வாதம் நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. இரண்டிற்கும் பங்குண்டு என்பதே இன்றைய முடிவு. தாய்க்கு இருந்தது மகளுக்கு வருதல் சாதாரணம். தளர்ந்த மூட்டுகளை உடையோருக்கும், மூட்டுவாத நோயாளிகளுக்கும் இது எளிதில் ஏற்படுகிறது. ஆயினும் பாதரட்சைக்கு எதிரான சாட்சியம் மிக வலுவானது. ஹாங்காங்கில் லாம் சிம்-ஃபூக், ஹாட்ஜ்ஸன் என்ற இரு வைத்தியர்கள் சீன மக்களின் பாதங்களை ஒப்பிட்டு 1958-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஜோடு அணிவோரில் 33 சதவிகிதத்தினருக்கும், வெறுங்காலுடன் வாழ்ந்தோரில் 1.9 சதவிகிதத்தினருக்குமே இக்கோணல் காணப்பட்டது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் தோண்டியெடுத்த 177 எலும்புக்கூடுகளை ஆராய்ந்தவர்கள் 2021-ஆம் ஆண்டில் கண்ட உண்மையும் சுவையானது. 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தோரில் 6 சதவிகிதமாக இருந்த இக்கோணல், 14, 15-ஆம் நூற்றாண்டினரில் 27 சதவிகிதமாக உயர்ந்திருந்தது. கூர்மூக்கு ஜோடுகள் அந்நாட்டில் நாகரிகமாகியது 14-ஆம் நூற்றாண்டில்தான்!

கர்நாடகத்தின் மணிப்பாலிலும் பாதரட்சை பற்றிய ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. உதயபாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரு வைத்தியர்கள் 2,300 குழந்தைகளின் பாதங்களைப் பரிசோதித்து 1992-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்தது பெருவிரல் கோணலையன்று, தட்டைப் பாதத்தை. பாதரட்சை அணிந்த குழந்தைகளில் 8.6 சதவிகிதத்தினருக்கும், அணியாதோரில் 2.8 சதவிகிதத்தினருக்கும் பாதம் தட்டையாக இருந்தது. வளரும் பாதத்தை மூடிவைத்தல் அதன் உருவத்தை மாற்றவல்லது என்பதற்கு இது நம் நாட்டுச் சான்று.

இந்தியரின் பாதம் எப்படிப்பட்டது என்பதே நெடுநாள் அளந்தறியப்படாமல் இருந்தது. இங்கே விற்கும் ஜோடுகள் ஆங்கிலேய, ஐரோப்பிய, அமெரிக்க அளவுகளின்படியே செய்யப்பட்டு வந்தன. 1948-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இக்குறையைப் போக்க முற்பட்டு, 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் ஐந்து மண்டலங்களில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோரின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளைக் கொண்டு அளந்தது. சராசரி இந்தியப் பாதம் மேனாட்டாரின் பாதத்தைவிட முன்புறத்தில் அகலமானது என்பது அதன் முக்கியமான முடிவு. நீளத்திற்குப் பொருந்தும் ஜோட்டை வாங்கினால் அகலத்தில் இறுக்குவதும், அகலத்திற்காகப் பெரியதை வாங்கினால் குதிகால் கழலுவதும் ஏன் என்பது இதனால் விளங்கும். இந்தியருக்கெனத் தனி அளவு முறையொன்று இதன் அடிப்படையில் வகுக்கப்பட்டு, அதற்கு 'பா' என்று பெயரும் இடப்பட்டுள்ளது.

வைத்தியரிடம் செல்வோருக்கு முதலில் எடுக்கப்படுவது எக்ஸ்-ரே படம். இதனை நின்ற நிலையில், பாதத்தின்மேல் உடற்பாரம் இருக்கும்பொழுதே எடுத்தல் வேண்டும். படுத்த நிலையில் எடுத்த படம் கோணலைக் குறைத்துக் காட்டும். பெருவிரலுக்கும் அதன் பின்னுள்ள நீண்ட எலும்புக்கும் இடையேயுள்ள கோணம் 15 பாகைக்குட்பட்டிருத்தல் இயல்பு. 20 பாகை வரை சிறு கோணல் என்றும், 40 வரை நடுத்தரம் என்றும், அதற்கு மேற்பட்டது கடுமை என்றும் கணிப்பர். முதல், இரண்டாம் நீண்ட எலும்புகளுக்கிடையேயுள்ள கோணமும் அளக்கப்படும்; அது 9 பாகைக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அதே மூட்டு ஓர் இரவில் திடீரெனச் சிவந்து, சூடேறி, போர்வை பட்டாலும் பொறுக்க முடியாதபடி வலிக்குமானால், அது யூரிக் அமிலத்தால் வரும் கௌட் என்னும் வாதமாக இருக்கலாம். அதற்கு மருந்தே தவிர, கத்தி அன்று.

ஆபரேஷன் இன்றித் தீருமா என்ற வினாவிற்கு விடை இருவகைப்படும். வலி தீரலாம்; கோணல் தீராது. முன்புறம் அகன்ற, மெத்தென்ற பாதரட்சைக்கு மாறுதல், புடைப்பின்மேல் பஞ்சுத் திண்டு வைத்தல், வேண்டியபொழுது வலி மாத்திரை ஆகியவற்றால் பலர் ஆண்டுக்கணக்கில் சுகமாக இருக்கின்றனர். இரவில் விரலை இழுத்துக் கட்டும் சாதனங்கள் கடைகளில் விற்பனையாகின்றன. வளர்ந்தோரின் எலும்பை அவை நிலையாக நேராக்குவதில்லை. பின்லாந்தில் 209 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சத்திர சிகிச்சையும், ஒரு பிரிவினருக்குப் பாதரட்சைக்குள் வைக்கும் தாங்கியும் அளித்து, மூன்றாம் பிரிவினரைக் காத்திருக்கச் செய்து 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இத்துறையில் புகழ்பெற்றது. ஆறு மாதத்தில் தாங்கி அணிந்தோருக்கும் வலி குறைந்திருந்தது. ஓராண்டு முடிவில் சத்திர சிகிச்சை பெற்றோரே தெளிவாக நல்ல நிலையில் இருந்தனர். அழகிற்காக மட்டும் ஆபரேஷன் செய்துகொள்ளுதல் விவேகமாகாது. வலியற்ற கோணலைத் திருத்தப்போய் வலியுள்ள நேர்விரலைப் பெற்றவர்களும் உண்டு.

சத்திர சிகிச்சையின் முறைகளோ நூற்றுக்கு மேற்பட்டவை. ஒரு நோய்க்கு இத்தனை முறைகள் இருப்பது, எல்லாருக்கும் பொருந்தும் முறை ஒன்றும் இல்லை என்பதையே காட்டுகிறது. புடைப்பை மட்டும் செதுக்கிவிடும் பழைய முறையில் விரல் மீண்டும் சாய்ந்தது. 1904-ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவ வைத்தியர் கெல்லர் விவரித்த முறையில், பெருவிரல் எலும்பின் அடிப்பகுதி வெட்டியெடுக்கப்பட்டது. வலி நீங்கியது, ஆனால் விரல் குட்டையாகி, தரையை ஊன்றித் தள்ளும் வலிமையை இழந்தது. ஆகவே அதிகம் நடமாடாத முதியோருக்கு மட்டுமே இன்று அது கருதப்படுகிறது.

இப்பொழுது பெரிதும் கையாளப்படும் முறைகளில் விலகிய நீண்ட எலும்பையே வெட்டி, நகர்த்தி, நேர்க்கோட்டில் பொருத்துகின்றனர். சிறு, நடுத்தரக் கோணல்களுக்கு எலும்பின் தலைப்பகுதியில் படுக்கவைத்த 'வி' வடிவத்தில் வெட்டி, தலையைச் சில மில்லிமீட்டர் நகர்த்தி, சிறு திருகாணியால் இறுக்குவர். 1962-ஆம் ஆண்டில் இதனை முதலில் செய்தவர் டேல் ஆஸ்டின் என்ற அமெரிக்கர். நீலசந்திராவை அடுத்துள்ள ஆஸ்டின் டவுனுக்கும் இவருக்கும் தொடர்பு கற்பிக்க வேண்டாம். கோணல் மிகுந்திருப்பின், எலும்பின் தண்டு நெடுகிலும் 'இசட்' வடிவத்தில் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வழுக்கி நகர்த்தும் 'ஸ்கார்ஃப்' முறை உண்டு. இப்பெயர் தச்சுவேலையிலிருந்து வந்தது. இரு மரங்களை நீளவாக்கில் இணைக்கும் பொருத்துக்கு அது பெயர். அடிமூட்டே தளர்ந்து ஆடுமாயின், அதனைப் பற்றவைத்து அசையாமற் செய்வது 1934-ஆம் ஆண்டில் லாபிடஸ் என்பவரால் விவரிக்கப்பட்ட முறை. அண்மைக் காலத்தில், எக்ஸ்-ரே திரையைப் பார்த்துக்கொண்டே சில சிறு துளைகளின் வழியாக எலும்பை வெட்டித் திருத்தும் முறையும் பரவியுள்ளது. வடு சிறியதாகிறது. உள்ளே எலும்பு கூடுவதற்கு வேண்டிய காலமோ குறைவதில்லை. இதனை நோயாளிகள் மறந்துவிடுகின்றனர்.

விரல் மூட்டு முற்றிலும் தேய்ந்திருந்தால் அம்மூட்டையே பற்றவைத்துவிடுவதும் உண்டு. மேசை நாற்காலியில் வாழ்வோருக்கு அது நல்ல முறையே. குதிகாலைத் தூக்கிக் குந்தி அமரும்பொழுதும், தொழுகையில் நெற்றியைத் தரையில் பதிக்கும்பொழுதும் பெருவிரல் மேல்நோக்கி வெகுவாக மடிய வேண்டும். சாதாரண நடைக்கே சுமார் 60 பாகை தேவை. பற்றவைத்த மூட்டு மடியாது. ஆகவே வீட்டில் எத்தகைய கழிப்பிடம் உள்ளது, தரையில் அமர்ந்து செய்யும் வேலை எது, எவ்வாறு தொழுவது என்பவற்றை வைத்தியர் கேட்காவிடினும் நோயாளியே சொல்லிவிடுதல் நன்று.

ஆபரேஷனுக்கு முன் ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் பரிசோதிக்கப்படும். நீரிழிவு உள்ளோருக்கு இது மிகவும் முக்கியம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் புடைப்பின்மேல் உராய்வுப் புண் ஏற்பட்டு, வலியில்லாமலே ஆழமாகிவிடக்கூடும்; ரத்த ஓட்டம் குன்றிய பாதத்தில் ஆபரேஷன் காயமும் ஆறாது. புகை பிடிப்போருக்கு எலும்பு கூடுதல் தாமதப்படும். வளரும் பருவத்தினருக்கு எலும்பின் வளர்ச்சி முடியும்வரை பொதுவாகக் காத்திருப்பர். பெண்கள் மெட்டியைக் கழற்றிவிடல் வேண்டும். மெட்டி இரண்டாம் விரலிலேயே இருப்பினும், வீக்கம் முழுப் பாதத்திற்கும் பரவும். அப்பொழுது அதனை வெட்டியே எடுக்க நேரிடும். நகப்பூச்சும் ஆகாது, விரல் நுனியின் நிறத்தைக் கொண்டே ரத்த ஓட்டத்தை அறிகின்றனர்.

முதுகில் ஊசியிட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தோ, கணுக்காலைச் சுற்றி மட்டும் மரக்கச் செய்தோ ஆபரேஷன் நடைபெறும். சுமார் ஒரு மணி நேரம் ஆகும். அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். முதல் இரண்டு மூன்று நாட்கள் வலி மிகுதி. இரண்டு வாரம் வரை பாதத்தை நெஞ்சு மட்டத்திற்கு மேலே தலையணைகளின்மேல் உயர்த்தி வைத்திருத்தலே முக்கியமான மருந்து எனலாம். கட்டு நனையலாகாது. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தையல் பிரிக்கப்படும். பெரும்பாலான முறைகளில், முன்பாதம் தரையில் அழுந்தாதபடி செய்த விறைப்பான தனிப் பாதரட்சையுடன் குதிகாலை ஊன்றி ஆரம்பத்திலிருந்தே சிறிது நடக்கலாம். ஆறு வாரம் அதனை அணிதல் வேண்டும். அடிமூட்டைப் பற்றவைத்தோருக்கு இக்காலம் கூடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் எலும்பு கூடியிருத்தலை எக்ஸ்-ரே காட்டும். இதற்கிடையே வைத்தியர் அனுமதித்தவுடன் விரலைக் கையால் மேலும் கீழும் மடக்கிப் பழக்காவிடில் மூட்டு இறுகிவிடும். வலிக்குப் பயந்து இதனை விட்டுவிடுவோர் பலர். பின்னர் குந்த முடியவில்லை என்று வருந்துவோரும் இவர்களே.

நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் திரும்பலாம். நின்று செய்யும் வேலைக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மோட்டார் சைக்கிளில் இடப்பாதத்தின் முன்பகுதியாலேயே கியர் மாற்றுவதால், வலப்பாதத்தில் ஆபரேஷன் ஆகவில்லையே என்று எண்ணி அவசரப்படலாகாது. வீக்கம் நான்கைந்து மாதம், சிலருக்கு ஓராண்டு வரையிலும் மாலை வேளைகளில் தலைகாட்டும். இது தோல்வியின் அறிகுறியன்று. கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, காய்ச்சலுடன் காயத்தில் சீழ் கண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் அவசியம்.

முடிவு எவ்வாறிருக்கும்? பலவகை ஆபரேஷன்கள் பற்றிய ஆராய்ச்சிகளைத் திரட்டி 2018-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், நூற்றுக்குச் சுமார் 10 பேர் தமக்குத் திருப்தியில்லை என்றும், சுமார் 5 பேருக்குக் கோணல் திரும்பியது என்றும் கண்டனர். விரலின் உட்புறத்தில் மரத்துப்போதல், மூட்டு விறைப்பு, பாரம் இரண்டாம் விரலடிக்கு மாறி அங்கே வலித்தல், அளவு மீறித் திருத்தியதால் விரல் எதிர்ப்புறம் சாய்தல், எலும்பு கூடாமை ஆகியவை நேரக்கூடிய தீங்குகள். திருப்தியின்மைக்கு மற்றொரு காரணம் எதிர்பார்ப்பு. பாதம் குறுகிவிடும், கூர்மூக்கு ஜோட்டை மீண்டும் அணியலாம் என்ற எண்ணத்துடன் வருவோர் ஏமாற்றம் அடைகின்றனர்.

நீலசந்திராப் பெண்மணிக்கு மேற்கண்ட கணக்கில் மிகக் கடினமானது பன்னிரண்டு வாரம் என்ற எண்ணேயாகும். அவர் தொழிற்சாலை ஊழியராக இருந்து, இ.எஸ்.ஐ. திட்டத்தில் சந்தா செலுத்திவந்தவராயின், தகுதி விதிகளுக்குட்பட்டு ஓராண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவிகிதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். பெங்களூரில் இந்திராநகரிலும் ராஜாஜிநகரிலும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகள் உள்ளன. வீட்டிலேயே ஒரு ரவிக்கைக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தைப்பவருக்கு இவ்வுதவி இல்லை. அத்தகையோர் மழைக்காலச் சேறும், பண்டிகைக் காலத் தையல் நெருக்கடியும் இல்லாத மாதங்களைத் தேர்ந்து, வீட்டில் தண்ணீர் எடுத்துத் தர ஒருவரையும், குந்தாமல் பயன்படுத்தக்கூடிய கழிப்பிட நாற்காலி ஒன்றையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு வருதல் நலம். இரு பாதங்களிலும் கோணல் இருப்பின் ஒரே வேளையில் இரண்டையும் திருத்துவது இயலுமாயினும், உதவிக்கு ஆளில்லாதவர் அதற்கு இசையலாகாது. அதிகம் வலிக்கும் பாதத்தை முதலில் திருத்தி, அது நன்கு ஊன்றத் தொடங்கியபின், ஏறக்குறைய மூன்று முதல் ஆறு மாதம் கழித்து மற்றதைப் பற்றி முடிவு செய்யலாம். முதற் பாதம் நலமடைந்தபின், மற்றதற்கு அகன்ற செருப்பே போதுமென்று நின்றுவிடுவோரும் உண்டு.